பேஸ் கிட்டாரை அனுப்ப முடியாது

தம்பி, நலமா சௌக்கியமா என்று விசாரித்து ஆரம்பிக்கிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் கிட்டாரை பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். அனுப்ப முடியாது. ஏன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், போனை வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே, "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்புடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. இதை நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடப்போகிறேன். சித்தப்பா, அத்தை, பெரியப்பா மகள் எல்லோரும் படிக்கட்டும். பிள்ளை பெற்றவர்கள் வேறு யாருக்காவது உதவுமென்றால் அவர்களும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

உன் மெசேஜில் கிட்டார் பற்றிய வரியைவிட அதற்கு மேலே இருந்த வரிதான் என்னைக் கிளப்பிவிட்டது. "இங்கயும் செட் ஆகலம்மா. நம்ம மாதிரி யோசிக்கிற ஆளே கெடைக்கல. பேசாம எல்லாத்தையும் நானே தனியா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்." வார்டில் டூட்டியில் இருக்கும்போது படித்தேன். கட்டிலில் இருந்த அம்மாள், "என்ன சிஸ்டர், மூஞ்சி இப்புடி செவந்துபோச்சு?" என்று கேட்டுவிட்டார். காரைக்கால் சின்ன ஊர், இங்கே ரசனையே கிடையாது என்று சொல்லித்தானே பெட்டியைக் கட்டினாய்? இப்போது பெங்களூரிலும் ஆள் இல்லை. அத்தனை பெரிய ஊரில் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அவர்களில் ஒருத்தர்கூடவா தேறவில்லை? அடுத்து எங்கே போய்த் தேடுவதாக உத்தேசம்?

நீ பேண்ட் ஆரம்பிக்கப்போகிறேன் என்றபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான். அப்பாவுக்கு பேண்ட் என்றால் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஊதுகிறவர்கள்தான். "இன்ஜினியரிங் படிச்சிட்டு மாப்ள அழைப்புக்கு ஊதப் போறானா?" என்று கேட்டார். அவரைச் சரிக்கட்டி, மாடி அறையில் கிடந்த பழைய கட்டிலையும் அண்டாவையும் இறக்கி, உனக்கு ஒழித்துக் கொடுத்தேன். சத்தம் வெளியே போகக்கூடாதென்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினாய். அந்த அட்டைக்காக ஒவ்வொரு முட்டைக் கடையிலும் போய் நின்றது நான். தருமபுரத்தில் நம் தெருக்காரர்கள் கொஞ்ச நாள் நாம் மாடியில் கோழி வளர்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீ வாசிப்பது சாதாரண கிட்டார். பேஸ் கிட்டார், சேரப்போகிற யாரோ ஒருவனுக்காக நீ முன்கூட்டியே வாங்கி வைத்தது. அதன் மேல் என் நல்ல பெட்ஷீட்டைப் போர்த்தி, யாரும் தொடக்கூடாது என்று வேறு சொல்லியிருந்தாய்.

ஆட்கள் வராமல் இல்லை. கடைத்தெருவில் தன் மாமாவின் பாத்திரக் கடையில் நிற்கிற ஜாபர் பாட வந்தான். அவன் பாடினபோது நான் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் படியில் நின்று கேட்டேன். "குரல் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா தர்கா கந்தூரி விழால பாடுற மாதிரி இழுக்குறான்" என்றாய். நெரவியிலிருந்து முருகவேல் வந்தான். வயலில் வேலை, டிராக்டர் ஓட்டுவது, அது இல்லாத நாளில் திருவிழாக் கச்சேரிகளுக்கு டிரம்ஸ். "போகப் போக ஸ்பீடு ஏத்துறான், கண்ட்ரோலே இல்ல" என்றாய். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற தெரேஸ் வந்தாள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள். "பேப்பர்ல இருக்கறத அப்படியே வாசிக்குது, சொந்தமா ஒண்ணும் வரல" என்றாய். வந்தவர்களை உட்காரவைத்து, எந்த மாதிரி இசை கேட்பீர்கள், எந்தப் பாட்டுப் பிடிக்கும், எந்தப் பாட்டு அறவே பிடிக்காது என்று நீ கேட்ட கேள்விகள் இருக்கிறதே, என் வேலைக்கான இன்டர்வியூவில்கூட யாரும் என்னை அப்படிக் குடையவில்லை. மூன்று பேருக்கும் நான் டீயும் சுண்டலும் கொடுத்தேன். மூன்று பேரையும் நீ கேட்வரை போய் வழியனுப்பினாய். மூன்று பேரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னாய்: "சொல்லி அனுப்புறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். உனக்குத் தெரியாது. உன் அப்பா வீட்டார் வருவதற்கு முன்னால் என்னை வேறொரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், என்னை நடக்கச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள். போகும்போது, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். பிடிக்கவில்லை என்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லித் தொலைத்திருக்கலாம். என் அப்பா அதற்கப்புறம் எத்தனையோ நாள் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். நான் பெற்ற பிள்ளை அதே வார்த்தையை என் வீட்டு வாசலில் நின்று சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் உனக்கும் ஒத்த மனசோடு ஒருத்தன் கிடைத்தானே, நாகப்பட்டினத்துப் பையன், அவனைப் பற்றி நீ பேசினதை நினைத்தால் இப்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இவன்தாம்மா. நான் ஒரு பாட்டுப் பேரச் சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள அவன் சொல்லிடுறான்" என்றாய். சனிக்கிழமை தவறமாட்டான். மழையோ வெயிலோ, பைக்கில் கிட்டார் பையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். போகும்போது கிட்டாரை நம் மாடியில் வைத்துவிட்டுப் பையை மட்டும் கொண்டுபோவான். "தூக்கிட்டு அலைய வேணாம்னு இங்கயே வெச்சுட்டுப் போறான்" என்று நீயே அவனுக்கு வக்காலத்து வாங்கினாய். கிட்டாரை வைத்துவிட்டால் வெறும் பை எதற்கு என்று உனக்குத் தோன்றவில்லை, சரி, எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் அப்பா ஒத்தாசையாக அந்தப் பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டப் போனார். உள்ளே கண்ணாடி மோதிக்கொண்ட சத்தம் கேட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிராந்தி பாட்டில் எவ்வளவு மலிவு, அந்தப் பக்கம் என்ன விலை என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். செக்போஸ்ட்டில் கிட்டார் பையைத் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. "மச்சான் மியூசிக் மேல உள்ள வெறியில வர்றான்" என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். அதோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான். நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு வாரமும் ஜாபரையோ முருகவேலையோ தெரேஸையோ கூப்பிடலாம் என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

நெடுங்காட்டில் இருக்கிற உன் பெரியப்பாவைக் கொஞ்சம் யோசித்துப் பார். பக்கத்து வயல்காரருக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருத்தர் போவதில்லை. ஆனால் காவிரித் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தால் இரண்டு பேரும் மண்வெட்டியோடு ஒரே வாய்க்காலில் இறங்கிவிடுவார்கள். நீ சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறாய். பெரியப்பா கரையில் மேய்கிற ஆட்டைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஆகாயத்தாமரை அடச்சிக்கிட்டு கெடக்கு, எடுத்தா தேவல" என்பார். அந்த மனிதர் எடுப்பார். எடுத்துவிட்டு அவரும் அதே ஆட்டைப் பார்த்து, "மடைய இன்னும் கொஞ்சம் தொறக்கலாம்" என்பார். இவர் திறப்பார். நீ என்னிடம் ஓடிவந்து, "ஆட்டுக்கு எல்லாம் புரியுதும்மா" என்று சொன்னாய். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு வயலிலும் தண்ணீர் நின்றது. அவர்கள் இன்னமும் பேசிக்கொள்வதில்லை. வருஷா வருஷம் வாய்க்கால் மட்டும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி நீ கிளம்பின கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு ஆற்றாமை. பெங்களூர் வேலை வந்தது, போனாய், அது நியாயம். போவதற்கு முந்தின வாரம் அந்த மூன்று பேரையும் நீயே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாய். சொன்னதையும் மறந்துவிட்டாய், ஊருக்குப் போவதைச் சொல்லவும் மறந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு கேட் சத்தம் கேட்டது. ஜாபர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். முருகவேல் டிரம்ஸை நண்பனின் மினி லாரியில் ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருந்தான். தெரேஸ் கீபோர்டைப் பச்சைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்தாள். "மாமி, அவர் இருக்காரா?" என்று ஜாபர் கேட்டான். என்ன சொல்வேன்? என் பிள்ளை உங்களை மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "அவசரமா கெளம்பிட்டான்ப்பா. நீங்க மேல போங்க, டீ போட்டு எடுத்தாறேன்" என்றேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை நீ பட்டிருக்கவேண்டும்.

போனார்கள், வாசித்தார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். யாரும் யாரையும் என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஜாபர் இழுத்தால் தெரேஸ் கீபோர்டில் காத்திருந்து பிடித்தாள். ஒரே கஷ்டம் முருகவேல்தான். நீ சொன்னது உண்மை, அவன் ஏறிக்கொண்டே போவான். வார்டில் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணியே வயதான எனக்கு வேகம் கூடினால் உடம்பு பதறும். அடுப்படியில் இருந்தபடியே, "முருகா, ஓடுது! ஓடுது!" என்று கத்துவேன். மேலே வேகம் குறையும். அப்பா, "மாடியில பாட்டா, பேஷண்ட்டா?" என்று கேட்பார்.

ஒரு ஞாயிறு டீ எடுத்துக்கொண்டு மேலே போனபோது முருகவேல் மூலையில் இருந்த பெட்ஷீட்டைக் காட்டினான். "யம்மா, கீழேருந்து கத்துறதுக்கு அத எடுத்து ரெண்டு கம்பிய மட்டும் தட்டுங்களேன். நீங்க ஓடமாட்டீங்க, நான் உங்களப் பாத்து வாசிச்சிக்கிறேன்." நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. தெரேஸ், "ஆன்ட்டி, நாலே கம்பிதான். எந்த இடத்துல விரல் வெக்கணும்னு நான் ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன்" என்றாள். ஒட்டியே விட்டாள். பொட்டு அட்டையிலிருந்து எடுத்த என் ஸ்டிக்கர் பொட்டுகள்தான்.

இப்போது தெரிந்ததா, உன் பேஸ் கிட்டார் ஏன் வராது என்று? அது என் கையில் இருக்கிறது. சிரிப்பதானால் சிரித்துக்கொள். உனக்கு முன்னாலேயே அப்பா சிரித்தாயிற்று. "ரிட்டயர் ஆவுற வயசுல ஊரே சிரிக்கும்" என்றார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியில் கையுறை மாட்டினால் உயிர் போகிறது. கேட்டவர்களிடம் வெந்நீர் பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு வாரமுமா வெந்நீர் படும்? இப்போது நிஜத்தைச் சொல்லிவிட்டேன். ஒரு டாக்டர், "எங்க ஃபங்ஷனுக்கும் வருவீங்களா சிஸ்டர்?" என்று கேலி செய்கிறார்.

ஏதோ எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. எனக்கு இந்த மூன்று பேர் மேலும் எரிச்சல்தான். வெள்ளிக்கிழமை ஜாபருக்கு ஜும்மா, ஞாயிறு காலை தெரேஸுக்குப் பூசை, நடவு நாளென்றால் முருகவேல் எந்தக் கிழமையும் இல்லை. எனக்கோ ஷிஃப்ட். எல்லோரும் கூடுகிற ஞாயிறு நாலு மணிக்குப் பார்த்துத்தான் கரண்ட் போகும். தவக்காலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கமாட்டேன் என்று தெரேஸ் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நோன்புக்கு நானும் பாடலன்னு சொல்லவா?" என்று ஜாபர் சீண்ட, அவள் அழ, முருகவேல் கோபித்துக்கொண்டு டிரம்ஸ் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டான். நான் கேட்டைச் சாத்தி நின்றுகொண்டேன். "சுண்டல் ஆறிப்போவுது, தின்னுட்டு சண்ட போடுங்க" என்றேன். தின்றார்கள். அப்புறம் பாட்டு இல்லாமல் வெறும் இசை மட்டும் வாசித்தார்கள். நீயாக இருந்திருந்தால் அன்றைக்கே செட் ஆகவில்லை என்று ஊரைவிட்டே போயிருப்பாய். போனாய்தானே.

சொந்தமாக ஒன்றும் வராது என்று நீ சொன்னாயே, அந்தத் தெரேஸ் ஒரு மெட்டுப் போட்டிருக்கிறாள். ஜாபர் அதற்குச் சொற்கள் எழுதியிருக்கிறான். அதில் அவன் இழுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே மற்ற மூவரும் சும்மா இருக்கவேண்டும். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நான் அடுத்த கம்பியைத் தட்ட மறந்துவிடுகிறேன். தெரேஸ் முறைக்கிறாள். அந்தப் பாட்டைக் கேட்கிறபோதெல்லாம் என் பிள்ளை இங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. உன்மேல் எவ்வளவு கோபம் இருக்கிறதோ அதைவிட உன்னைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அதிகமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்.

ஜாபருக்கு வருகிற மாதம் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாட்டுச் சபர் கிளம்புகிறான், கத்தாரில் வேலை. திரும்ப எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. அவனுடைய வாப்பா, நிக்காஹ் அன்றைக்குக் கச்சேரி கிச்சேரி எல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் நேரே போய்ப் பேசினேன். "மறுநாள் விருந்துக்கு மொட்டமாடியில வேணும்னா வெச்சுக்கங்க சிஸ்டர். நீங்க எங்க உம்மாவுக்கு ஊசி போட்டவங்க, ஒங்ககிட்ட எப்புடி மாட்டேன்னு சொல்றது?" என்றார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வெளியே வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. ஜாபர் போனபிறகு என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. இந்த நிலைமையில்தான் நீ கிட்டாரை பஸ்ஸில் போடச் சொல்கிறாய், அறைக்குள் தனியாக உட்கார்ந்து நீயே பாடி நீயே வாசித்துக்கொள்வதற்கு! நீயே உனக்கு ஒத்த மனசாக இருந்துகொள், நல்லது. உனக்கும் உனக்கும் சண்டை வந்தால் யார் சுண்டல் கொடுப்பார்கள்?

லீவு போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வா. ஜாபர் உனக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறான், நீ இன்னும் பதில் போடவில்லையாம். விருந்து முடிந்ததும் உன் கிட்டாரை நீயே எடுத்துக்கொள்ளலாம், ஸ்டிக்கர் பொட்டைப் பிய்க்காமல் இருந்தால் சந்தோஷம். நீ வந்தால் என்ன செய்வதென்று போன ஞாயிறு பேச்சு வந்தது. "அண்ணன் வந்தா எங்க நிக்க வெக்கிறது?" என்று முருகவேல் கேட்டான். லீட் கிட்டாருக்கு ஆள் இல்லையே என்றாள் தெரேஸ். ஜாபர் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "வரட்டும் மாமி. மொதல்ல எங்களோட உக்காந்து வாசிச்சுக் காட்டட்டும்" என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பெற்றவள் என்ன சொல்வாள் என்று. எனக்கு அது சரியென்றே பட்டது.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் இரு. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துக்கொள்வார். டீயும் சுண்டலும் இருக்கும். வாசித்துக் காட்டு. எங்களுக்குப் பிடித்திருந்தால் சொல்லி அனுப்புகிறோம்.

அம்மா